தெளிவான பிளாஸ்டிக் ஷீட்: எந்த வகை, எங்கே வாங்கலாம்?

டிரில் மெஷினுக்கு முன்னால் மாட்ட ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. உலோகச் சுருள் முகத்துக்கு வரக் கூடாது, துளை விழும் இடமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைக்குக் கிடைத்த ஒரு ஷீட்டை வாங்கி வந்தேன். ‘உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி’ என்று அதன் மேல் ஒட்டியிருந்தது. எந்தப் பிளாஸ்டிக் என்று போடவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பிட்டில் சிக்கிச் சுழன்ற ஒரு சிறு இரும்புத் துண்டு அதில் மோதியது. ஷீட் நான்காகப் பிளந்தது. கத்தி முனை போல இருந்த ஒரு துண்டு என் முன்கையைக் கீறிவிட்டுப் போனது. பிறகு உடைந்த துண்டை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. பாலிஸ்டைரீன். சி.டி. டப்பா செய்யும் அதே பொருள்.

அன்றிலிருந்து விலைக்கு முன்னால் பெயரைக் கேட்கிறேன். வீட்டுப் பட்டறைக்குத் தெளிவான ஷீட் தேடுபவர்கள் பெரும்பாலும் “எங்கே மலிவாகக் கிடைக்கும்?” என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒருசில வகைகள்தான் கிடைக்கும். வேலைக்கு எந்த வகை வேண்டும் என்று முடிவானால், போக வேண்டிய இடம் பாதி முடிவான மாதிரி.

அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

பெரும்பாலான வேலைகளில் போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எடையிலும் வித்தியாசம் தெரியாது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், அக்ரிலிக்கின் அடர்த்தி 1.19, பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.20. வெட்டும்போதும், வளைக்கும்போதும், அடி விழும்போதும்தான் இரண்டும் வேறு வேறு என்று புரியும்.

அக்ரிலிக்கின் பலம் அதன் தெளிவு. 3 மில்லிமீட்டர் ஷீட் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 92 சதவீதத்தைக் கடத்துகிறது. சாதாரணக் கண்ணாடிகூட அந்த அளவுக்கு விடுவதில்லை. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் லேசில் மஞ்சளாகாது. கீறல் விழுந்தால் ஈரமான உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு மறுபடி தெளிவாக்கலாம். ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கண்ணாடிப் பெட்டி போலவே இருக்கும். காட்சிப் பெட்டி, படச் சட்டம், விளக்கு மூடி, மின்னணுச் சுற்றுக்கான பெட்டி, அச்சு வைத்து வெட்டும் டெம்ப்ளேட் எல்லாவற்றுக்கும் என் முதல் தேர்வு அக்ரிலிக்.

பலவீனம், அது உடையும். கண்ணாடியைவிட நன்றாக அடி தாங்கும், ஆனால் தாங்காத அடி விழுந்தால் விரிசல் விட்டுப் பிளக்கும். ஓரத்துக்கு மிக அருகில் துளை போட்டாலும், திருகை இறுக்கி முறுக்கினாலும் அப்படித்தான்.

பாலிகார்பனேட் பிளக்காது. மெல்லிய துண்டை வைஸில் பிடித்துச் சுத்தியால் அடித்தால் மடங்கிக்கொள்ளும். இயந்திரக் காப்புக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். லேத், டிரில், கிரைண்டர், மரம் குடையும் ரூட்டர் என்று எதற்கு முன்னால் மாட்டினாலும் சரி, முகத்துக்கும் சுழலும் உலோகத்துக்கும் நடுவே நிற்பது பாலிகார்பனேட்டாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மலிவைப் பார்க்காதீர்கள்.

அதற்கான விலையைக் கீறலில் கொடுக்க வேண்டியிருக்கும். பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு மென்மையானது, காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தாலே கோடு விழும். அந்தக் கோட்டை அக்ரிலிக்கைப் போலத் தேய்த்து எடுக்கவும் வராது. எனவே காப்புத் தகட்டைக் கழற்றி மாற்றுகிற மாதிரி இரண்டு திருகில் மாட்டிவிடுகிறேன். மங்கினால் புதுசு.

வெயில் விஷயத்திலும் இது தாழ்ந்ததுதான். வெறும் பாலிகார்பனேட் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகிப் பிறகு உதிரும். வெளியில் வைப்பதற்கென்று விற்கும் ஷீட்டில் கதிரைத் தடுக்கும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். பல ஷீட்களில் அது ஒரு பக்கம் மட்டுமே, அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது பாதுகாப்புப் படலத்தில்தான் அச்சாகியிருக்கும். இரண்டு படலத்தையும் உரித்து எறிந்துவிட்டு ஷீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் கண்டுபிடிக்க வழியில்லை. உரிப்பதற்கு முன்பே ஒரு மூலையில் குறியிட்டுவிடுங்கள்.

வளைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பாலிகார்பனேட்டைச் சூடாக்காமலேயே வளைக்கலாம். பொதுக் கணக்கு, வளைவின் ஆரம் தடிமனைப் போல 100 மடங்கு. 3 மில்லிமீட்டர் ஷீட்டை 300 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்துச் சட்டத்தில் பூட்டிவிடலாம். அக்ரிலிக்குக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமான வளைவு வேண்டும். கூர்மையான மடிப்பு என்றால் கதை மாறும். அக்ரிலிக் 150, 160 டிகிரியில் தோல் போலத் தளர்ந்து சொன்னபடி மடங்கும். பாலிகார்பனேட் காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கும். உலர்த்தாமல் சூடாக்கினால் உள்ளே சோடா போலக் குமிழி கிளம்பும். அதைத் தடுக்க 120 டிகிரியைச் சுற்றி மணிக்கணக்கில் உலர்த்த வேண்டும். வீட்டில் அந்த வசதி யாருக்கு இருக்கிறது? சூடாக்கி மடிக்கும் வேலைக்குப் பாலிகார்பனேட் வேண்டாம்.

ஒரு கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். வெப்பத்தில் கண்ணாடி விரிவதைவிட இந்த இரண்டும் பல மடங்கு அதிகம் விரியும். ஒரு மீட்டர் நீள அக்ரிலிக், 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். வெயிலில் வைக்கும் பெட்டியென்றால் 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அப்போது 2 மில்லிமீட்டரைத் தாண்டும். திருகின் அளவுக்குத் துளை போட்டு இறுக்கினால் ஷீட் அலை அலையாய் நெளியும், அல்லது துளையிலிருந்து விரிசல் ஓடும். துளையைத் தாராளமாகப் போட்டு, அகலமான வாஷர் வைத்து, விரலால் இறுக்கிய பிறகு அரைச் சுற்று மட்டும் திருப்புவது என் வழக்கம்.

காஸ்ட், எக்ஸ்ட்ரூடட்

அக்ரிலிக் என்று முடிவு செய்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. கடையில் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவமாக ஊற்றி உறைய வைப்பது காஸ்ட். உருக்கி, உருளைகளுக்கு நடுவே பிதுக்கி இழுப்பது எக்ஸ்ட்ரூடட். எக்ஸ்ட்ரூடட் மலிவு, தடிமனும் சீராக இருக்கும். ஆனால் ரம்பம் ஓடும் சூட்டில் சீக்கிரம் உருகிவிடும். ஜிக்சா என்ற மின் ரம்பத்தில் ஓட்டினால் முன்னால் வெட்டிக்கொண்டு போகும்போதே பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். முதன்முறை பார்த்தபோது ஜிக்சாவில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு பிளேடு மாற்றினேன். காஸ்ட் அப்படிச் செய்யாது. தூளாகவும் சுருளாகவும் கழன்று விழும். துளையிடவும், அரத்தால் தேய்க்கவும், ஓரத்தைப் பாலிஷ் செய்யவும் காஸ்ட்தான் கைக்குச் சுகம். லேசரில் எழுத்துப் பொறித்தால் காஸ்ட்டில் வெள்ளையாகப் பனி படர்ந்தது போலத் தெரியும், எக்ஸ்ட்ரூடட்டில் வெறும் பள்ளமாகத் தெளிவாகவே இருந்துவிடும்.

காஸ்ட்டின் குறை தடிமன். 3 மில்லிமீட்டர் என்று விற்கும் காஸ்ட் ஷீட்டுக்குச் சர்வதேசத் தரவிதியே கூடக் குறைய 0.7 மில்லிமீட்டர் வரை இடம் தருகிறது. கடையில் வாங்கியது 2.6 ஆக இருந்தாலும் யாரும் ஏமாற்றவில்லை. காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகும் பெட்டி செய்கிறீர்கள் என்றால், ஷீட் கைக்கு வந்த பிறகு வெர்னியர் காலிப்பரில் நான்கு ஓரமும் அளந்து, அதன் பிறகு வரைபடத்தைத் திருத்துங்கள். ஷீட் வருவதற்கு முன் காடியின் அளவை முடிவு செய்வது வீண் வேலை.

பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் ஷீட்டின் படலத்தில் ஜி.எஸ். (GS) என்று இருந்தால் காஸ்ட், எக்ஸ்.டி. (XT) என்று இருந்தால் எக்ஸ்ட்ரூடட். வேறு தயாரிப்புகளில் வேறு குறி இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தாள் ஒட்டியிருந்தால் காஸ்ட், பிளாஸ்டிக் படலம் என்றால் எக்ஸ்ட்ரூடட் என்று ஒரு பேச்சு உண்டு. பல முறை சரியாக வரும், ஆனால் அதை மட்டும் நம்பி லேசர் வேலைக்கு வாங்காதீர்கள்.

மற்ற மூன்று

பி.இ.டி.ஜி. (PETG) என்ற தெளிவான பிளாஸ்டிக் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்கள் விடுவதில்லை. அக்ரிலிக் அளவுக்கு உடையாது, பாலிகார்பனேட் அளவுக்கு விலையும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் முகத் திரையாகவும் மேசைத் தடுப்பாகவும் எங்கும் பார்த்தோமே, அவற்றில் பல இதுதான். உலர்த்தாமலேயே சூடாக்கி மடிக்கலாம். வளைந்த மூடி, தூசிப் பெட்டியின் சன்னல், கருவிக்கு அச்செடுத்த தட்டு போன்றவற்றுக்கு இதைவிட எளிதானது கிடையாது. ஆனால் 80 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். சூடான விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம். கீறலும் சுலபமாக விழும்.

பாலிஸ்டைரீன் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். மலிவான படச் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதிலாக வருவது பெரும்பாலும் இதுதான். படத்துக்கு முன்னால் வைக்க அது போதும், வேறு எதற்கும் நான் தொடுவதில்லை.

தெளிவான பி.வி.சி. விலை குறைவு, ரசாயனமும் தாங்கும். ஓரத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம் அல்லது சாம்பல் நிறம் தெரியும். இதை லேசரில் வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி உங்கள் நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் ஒருசேர அரிக்கும். பெயர் தெரியாத ஷீட்டை லேசரில் வைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எங்கே வாங்குவது?

ஹார்டுவேர் கடையில் அளவாக வெட்டிய சிறு ஷீட்கள் அடுக்கியிருப்பார்கள். உடனே கிடைக்கும், கையில் எடுத்துப் பார்க்கலாம். இந்த வசதிக்குத் தனி விலை உண்டு. அதே பரப்பை முழு ஷீட்டின் விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு கொடுப்பீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக் அல்லது பாலிஸ்டைரீன். ஒரே ஒரு துண்டு, இன்றைக்கே வேண்டும் என்றால் போகலாம். லேபிளில் பொருளின் பெயர் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஷீட் மொத்த வியாபாரியிடம் போகத் தயங்குபவர்கள் அதிகம். பெரிய நிறுவனங்களுக்குத்தான் விற்பார்கள் என்று நினைக்கிறார்கள். பல இடங்களில் சில்லறைக்கும் வெட்டித் தருவார்கள். வழக்கமான முழு ஷீட் 1220 க்கு 2440 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் அது பத்தரைக் கிலோ எடை, 6 மில்லிமீட்டரில் 21 கிலோ. ஒருவர் தூக்கலாம், ஆனால் காற்றடிக்கும் நாளில் தனியாகத் தூக்க வேண்டாம். அங்கேயே நான்காக வெட்டி வாங்குவது நல்லது. வெட்டுக்கூலி உண்டா, குறைந்தபட்ச அளவு உண்டா, பலகை ரம்பத்தின் தடிமன் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீட்டரைப் போல விழுங்கும். 300 மில்லிமீட்டர் துண்டு நான்கு வேண்டுமென்றால் 1200 மில்லிமீட்டர் பட்டை போதாது.

இங்கே வாங்குவதில் எனக்குப் பெரிய நிம்மதி, அவர்களுக்குப் பொருளின் பெயர் தெரியும். காஸ்ட்டா எக்ஸ்ட்ரூடட்டா, கதிர் தடுப்பு உண்டா, எந்தப் பக்கம் என்று கேட்டால் நேராகப் பதில் வரும். இயந்திரக் காப்புக்கான பாலிகார்பனேட்டை இங்கே மட்டும்தான் வாங்குகிறேன்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த இடம்: விளம்பரப் பலகை செய்பவரின் பட்டறை. எழுத்து வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். லேசரில் வேலை செய்பவர்கள் என்றால் அவற்றில் பெரும்பாலானது நல்ல காஸ்ட் அக்ரிலிக். அவர்களுக்கு அது இடத்தை அடைக்கும் குப்பை. நமக்கோ ஒரு வருட வேலைக்குப் போதுமான சரக்கு. பெரும்பாலும் எடை போட்டுத் தருவார்கள், பழகிவிட்டால் சும்மாவும் தருவார்கள். எடைக்கு வாங்கும்போது மனதில் வைக்க ஒரு எண்: ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 1.19 கிலோ. 300 க்கு 300 அளவில் 3 மில்லிமீட்டர் துண்டு ஒன்று 320 கிராம் வரும். கிலோ விலையை இதில் பெருக்கி, கடைத் துண்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் எது லாபம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். வேலை நெருக்கடியில் இருப்பவரிடம் துண்டு கேட்டு நின்றால் அவருக்கும் தொந்தரவு, நமக்கும் நல்லது கிடைக்காது. என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி சொல்லிக் கேட்டால் ஆர்வமாக எடுத்துத் தருவார்கள். செய்து முடித்ததைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அடுத்த முறை எனக்கென்றே துண்டுகளை எடுத்து வைத்திருந்தார் ஒருவர்.

இணையத்தில் தேர்வு அதிகம். விற்பவரின் பக்கத்தில் பொருளின் பெயர், காஸ்ட்டா எக்ஸ்ட்ரூடட்டா, தடிமனின் கூடுதல் குறைவு எல்லாம் எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம். ‘உயர்தரத் தெளிவான ஷீட்’ என்று மட்டும் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். பெரிய ஷீட்டுக்கு அனுப்பும் செலவு பொருளின் விலையையே மிஞ்சும், மூலை உடைந்து வரும் அபாயமும் உண்டு. A4 அளவுக்குள் அடங்கும் துண்டுகள், அசாதாரண நிறம் அல்லது தடிமன், மெல்லிய பி.இ.டி.ஜி. ஆகியவற்றுக்கு இணையம் நல்ல வழி. பெரிய, கனமான ஷீட்டுக்கு வேண்டாம்.

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத ஒரு இடம், பழைய எல்.சி.டி. திரை. கெட்டுப்போன கணினித் திரையைக் கழற்றினால் படம் காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மூன்று மெல்லிய படலங்கள், அதற்குப் பின்னால் ஒரு தடித்த தெளிவான தகடு இருக்கும். ஓரத்து விளக்கின் வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்பும் தகடு அது. பெரும்பாலும் அக்ரிலிக், ஒளிக்காகவே செய்ததால் தெளிவு அற்புதமாக இருக்கும். குழல் விளக்கு வைத்த பழைய திரைகளில் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை தடிமன் கிடைக்கும். அவ்வளவு தடிமனைப் புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். ஒரு பக்கம் வெளிச்சத்தைச் சிதறவைக்கும் சிறு புள்ளிகள் இருக்கும். அச்சடித்த புள்ளியென்றால் தேய்த்து எடுக்கலாம், பள்ளமாகப் பொறித்ததென்றால் விளக்கு வேலைக்கு அப்படியே பயன்படுத்தலாம். ஓரத்தில் எல்.இ.டி. பட்டை வைத்தால் தகடு முழுக்க ஒளிரும்.

கழற்றும்போது கவனம் வேண்டும். பழைய குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு, உடைக்காமல் எடுத்து மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். மின்வழங்கிப் பலகையின் மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பலகையின் பக்கம் கை வைக்காமல் முழுதாகக் கழற்றி ஓரமாக வையுங்கள்.

எழுதுபொருள் கடையையும் மறக்க வேண்டாம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போதுமென்றால், புத்தக உறையாகப் போடும் தெளிவான தாளும் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் பழைய தெளிவான தாளும் போதும். கத்தரியாலேயே வெட்டலாம்.

பெயர் தெரியாத துண்டு கையில் இருந்தால்

ஒரு சிறு செதில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் சாதாரணத் தண்ணீரில் போட்டு, ஒட்டிய குமிழியைத் தட்டிவிட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன் வகை. மூழ்கினால், உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். 100 மில்லிக்கு 36 கிராம் வரை பிடிக்கும், அதன் அடர்த்தி 1.2 வரும். பாலிஸ்டைரீன் ஜம்மென்று மிதக்கும். பி.இ.டி.ஜி.யும் பி.வி.சி.யும் நேராக அடியில் போய் உட்காரும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் மேலா கீழா என்று தடுமாறும். அந்த இரண்டையும் பிரிக்க, செதிலை இடுக்கியில் பிடித்து மடியுங்கள். கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொண்டுதான். சட்டென்று ஒடிந்தால் அக்ரிலிக், மடங்கிக்கொண்டால் பாலிகார்பனேட்.

அடியில் போனது பி.வி.சி.யா என்று அறியச் செப்புக் கம்பி போதும். திறந்த வெளியில், கம்பியின் முனையை நெருப்பில் பச்சை நிறம் எதுவும் வராத வரை காய்ச்சுங்கள். சூடான முனையால் பிளாஸ்டிக்கைத் தொட்டு, கொஞ்சம் ஒட்டியதும் மறுபடி நெருப்பில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது. அந்த ஷீட் லேசருக்கு ஆகாது.

வெட்டும் விதமும் தேர்வை மாற்றும்

கையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தும் எதை வாங்குவது என்று மாறும். கோடு போடும் கத்தி மட்டுமே இருந்தால் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் சரி. பத்துப் பன்னிரண்டு முறை ஆழமாகக் கோடு இழுத்து, மேசை ஓரத்தில் வைத்து அழுத்தினால் நேராக ஒடியும். பாலிகார்பனேட் அப்படி ஒடியாது, அதற்கு ரம்பம் வேண்டும். மெல்லியது என்றால் தகரம் வெட்டும் கத்தரியே போதும்.

துளை போடும்போதுதான் அதிக ஷீட்கள் வீணாகின்றன. உலோகத்துக்கான சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுக்கும், மறுபக்கம் வெளியே வரும் நொடியில் மூலை தெறிக்கும். பிட்டின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கினால் இழுக்காமல் சுரண்டும். அடியில் மரத்துண்டு வைத்து கிளாம்ப் போட்டு, மெதுவாக இறக்குங்கள். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் இருந்தால் இன்னும் நல்லது.

ஒட்டுவதற்கு, டைகுளோரோமீத்தேன் சேர்ந்த கரைப்பான் பசை அக்ரிலிக்கை உருக்கி ஒன்றாக்கும். ஊசியால் இடுக்கில் விட்டால் தானாக உள்ளே ஓடும், ஓரங்கள் நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. புகை நல்லதல்ல, சன்னலைத் திறந்து வையுங்கள். உடனடிப் பசை போட்டால் இணைப்பைச் சுற்றி வெள்ளையாய்ப் புகை படர்ந்தது போல மங்கிவிடும். நெருப்பால் ஓரத்தைப் பாலிஷ் செய்த பிறகு கரைப்பான் பசையோ, ஆல்கஹாலோ பட்டால் மயிரிழை விரிசல்கள் வரிசையாக ஓடும். முதலில் ஒட்டுங்கள், பிறகு பாலிஷ். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டுக்குமே ஆகாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பாலிகார்பனேட்டில் திருகு கழலாமல் இருக்கப் போடும் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள், விரிசல் விடும். நைலான் பூட்டு நட்டு போடலாம்.

சரி, எதற்கு எது

இயந்திரக் காப்புக்கு மொத்த வியாபாரியிடம் பாலிகார்பனேட். சிறு டிரில்லுக்கு 3 மில்லிமீட்டர், பெரியதற்கு அதற்கு மேல். காட்சிப் பெட்டிக்கும் மின்னணுப் பெட்டிக்கும் விளம்பரப் பலகைப் பட்டறையின் காஸ்ட் துண்டுகள். விளக்குக்குப் பழைய திரை. வளைவான மூடிக்கு இணையத்தில் பி.இ.டி.ஜி.

அலமாரித் தட்டு செய்ய ஆசைப்படுபவர்களிடம் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். அக்ரிலிக்கின் விறைப்பு கண்ணாடியின் இருபதில் ஒரு பங்குதான். பாரம் வைத்தால் அன்றைக்குக் கொஞ்சம், மாதக்கணக்கில் இன்னும் கொஞ்சம் தொய்யும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், விலையும் ஏறும். முன் ஓரத்தில் ஒரு பட்டையைச் செங்குத்தாக ஒட்டினால் குறைந்த செலவில் அதே பலன் கிடைக்கும்.

லேசர் இயந்திரத்துக்குச் சன்னல் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரைத் தெளிவான அக்ரிலிக் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் இப்போது பல வீடுகளில் இருக்கும் நீல டயோடு லேசரின் கதிர் அதற்குள் தடையில்லாமல் வெளியே வரும். நிறமில்லாமல் தெளிவாக இருக்கும் எந்த ஷீட்டும் நீல ஒளியைத் தடுக்காது. அதற்கென அலைநீளம் குறித்து விற்கும் ஆரஞ்சு நிற ஷீட் வாங்க வேண்டும். இதில் துண்டு பொறுக்கும் வேலையே கூடாது.

மிஞ்சும் துண்டுகளைச் செங்குத்தாக அடுக்கி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதத்தில் வில்லாக வளைந்துவிடும். பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல், அதன் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுகிறேன்: காஸ்ட் அக்ரிலிக், அளந்த தடிமன், வாங்கிய மாதம். பாலிகார்பனேட் என்றால் வெயில் பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும்.